ஒட்டு விடவில்லை

உடைந்தது கண்ணாடி, ஒட்டு அல்ல. டாக்டரம்மா வீட்டு மாடிப்படி ஓரத்தில் மண்டி போட்டு, மீன் தொட்டியில் மிச்சமிருந்ததைப் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது. நான்கு மூலைகளிலும் நான் இழுத்திருந்த சிலிகான் பசைக் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரு நூல்கூட விலகாமல் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியின் ஓரத் துண்டுகள், ஈறை விடாத உடைந்த பற்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. போனது முன்பக்கக் கண்ணாடியின் நடுப்பகுதி. பொறுக்கி வைத்த துண்டுகளைத் தரையில் சேர்த்துப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நட்ட நடுவில், ஒரு புள்ளியிலிருந்து விரிசல்கள் விசிறி போலப் பிரிந்து போயிருந்தன.

என் கணவர் எனக்கு முன்பே வந்து தண்ணீரையெல்லாம் துடைத்து முடித்திருந்தார். இப்போது என் பக்கத்தில் குந்தினார். அவர் கண்ணாடி அறுக்கிறவர். உடைந்த கண்ணாடி எங்கே ஆரம்பித்து எங்கே போயிற்று என்பது என்னைவிட வேகமாக அவருக்குப் பிடிபடும். விசிறி விரிந்த இடத்தில் அவர் விரல் ஒரு கணம் நின்றது. "கையக் கிழிச்சுக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

"ஜாயிண்ட் விட்டிருக்கு டாக்டரம்மா. எங்க தப்புதான். புதுசாவே செஞ்சு வெச்சுடறோம்."

எங்கள் கடையில் வேலை மூன்று பேருக்குப் பிரிந்திருக்கிறது. எந்தத் தொட்டிக்கு எவ்வளவு தடிமனில் கண்ணாடி என்று முடிவு செய்வது என் கணவரின் அண்ணன். கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவர் 'பெரியவர்'. அறுப்பது என் கணவர். ஒட்டுவது நான். ஜாயிண்ட் விட்டது என்றால் நான் விட்டேன் என்றுதான் அர்த்தம். எங்கள் தப்பு என்று அவர் சொன்னது நாகரிகத்துக்காக.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஐயோ பாவம் என்பது போலப் பார்த்தார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கண்ணாடித் துண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தத் தொட்டிக்கு ஆர்டர் வந்த அன்றே நான் சொல்லியிருந்தேன்.

பெரியவரிடம் ஒரு கணக்கு உண்டு. இத்தனை லிட்டர் வரைக்கும் இந்தக் கண்ணாடி, அதற்கு மேல் போனால் அடுத்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை, வாயிலேயே இருக்கிறது. இத்தனை வருஷமாக அது பொய்த்ததும் இல்லை. நாங்கள் செய்ததெல்லாம் ஒரே சாயலான தொட்டிகள். நீளமானவை, முழங்கால் உயரம். லிட்டர் கூடும்போது உயரமும் கூடவே கொஞ்சம் ஏறும். அதனால் தப்பான கணக்கும் சரியான விடை தந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா கேட்டது வேறு மாதிரி. அவர் பல் டாக்டர்; தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். மாடிப்படி திரும்புகிற மூலையில், தூண் மாதிரி, என் தோள் உயரத்துக்கு ஒரு தொட்டி வேண்டும் என்றார். அகலம் இரண்டு சாண்கூட இல்லை. உள்ளே கடல் மீன்கள்.

"லிட்டர் போட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆறு எம்எம் தாராளம்" என்றார் பெரியவர்.

"மாமா, இதுக்கு லிட்டர் பாக்கக் கூடாது. உயரம்தான் பாக்கணும். தண்ணி எவ்வளவு ஆழமா நிக்குதோ, அடியில அவ்வளவு தள்ளும். அகலமா இருந்தாலும் ஒடுக்கமா இருந்தாலும் ஒண்ணுதான்."

"ஆரம்பிச்சுட்டாங்கப்பா டீச்சர்."

நான் சில வருஷங்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். அந்த வாழ்க்கையில் எஞ்சியிருப்பது பெரியவர் வாயில் வருகிற இந்த ஒரு சொல்தான். நான் கத்தரிக்கோலைத் தேடினாலும் டீச்சர், டீயில் சர்க்கரை குறைந்தாலும் டீச்சர்.

கடையில் மட்டம் பார்க்க ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் கிடக்கும். ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் எடுத்தேன். டியூபின் ஒரு முனையை அதில் முக்கி, வாயால் இழுத்து நிரப்பி, மறுமுனையைப் பக்கெட்டை ஒட்டித் தூக்கிப் பிடித்தேன். டியூபுக்குள் தண்ணீர் பக்கெட் மட்டத்துக்கே வந்து நின்றது.

"பாருங்க மாமா. பக்கெட்ல அவ்வளவு தண்ணி. இதுக்குள்ள ஒரு டம்ளர்கூட இருக்காது. அளவுதான் கணக்குன்னா பெரிய தண்ணி சின்னத் தண்ணியத் தள்ளி வெளிய ஊத்தியிருக்கணும்ல? ஏன் தள்ளல? உயரம் ஒண்ணா இருக்கு, அதனால அழுத்தமும் ஒண்ணா இருக்கு."

பெரியவர் டியூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது மட்டம் பாக்கற டியூபும்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் நிக்குது. நீ வந்து சொல்லித்தான் நிக்குதா?"

கண்ணாடி இறக்க வந்த வண்டிக்காரர்கூடச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அவர் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சற்றுத் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டு, அன்று சாயங்காலம் தனியாக அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்குப் புரிஞ்சுதுல்ல?"

"புரியாம என்ன. அண்ணன் சொல்றதுல போய்க் கை வெக்கச் சொல்றியா? நீ வேணா சிலிகான் இன்னொரு கோடு சேத்துப் போட்டுடு. தீந்துது."

சேர்த்துப் போட்டேன். தண்ணீர் நிரப்பிய அன்று மாடிப்படிக் கம்பியின் பிம்பம் முன்பக்கக் கண்ணாடியில் விழுந்தது. மேலே நேராக வந்த கம்பி, அடியில் வளைந்து தெரிந்தது. கண்ணாடி தொப்பை போட்டிருந்தது. அதையும் என் கணவருக்குக் காட்டினேன். "கண்ணாடின்னா கொஞ்சம் வளையத்தான் செய்யும்" என்றார்.

வகுப்பில் வருஷா வருஷம் யாராவது ஒரு பெண் எழுந்து கேட்பாள்: ஓடுற தண்ணி தள்ளும், சரி; நிக்கிற தண்ணி எப்படி டீச்சர் தள்ளும்? அசையாத ஒன்று, தன் மேல் நிற்பதன் எடையைப் பக்கவாட்டிலும் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. தண்ணீருக்குக் கோபம் கிடையாது, அவசரமும் கிடையாது. கண்ணாடி களைத்துப்போகும்வரை தள்ளும். டாக்டரம்மா வீட்டில் அது பல வாரங்கள் தள்ளியது. ஒரு நாள் மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் கடையில் பெரியவர் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "உப்புத் தண்ணில்ல? சாதாத் தண்ணியவிட அடர்த்தி ஜாஸ்தி. அதான் தாங்கல."

"நூத்துக்கு ரெண்டரைப் பங்குதான் மாமா ஜாஸ்தி. அதுக்காக உடையாது."

"ஜாஸ்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"ஜாஸ்திதான். ஆனா..."

"கேட்டியாடா, டீச்சரே ஒத்துக்கிட்டாங்க."

அன்றே பன்னிரண்டு எம்எம் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டார். கண்ணாடி வந்து இறங்கியதும் அதைத் தட்டிப் பார்த்து, "உயரத் தொட்டின்னா இனிமே இதுதான். உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அடியில அழுத்தம் கூடும்" என்றார். "ஆமாண்ணே" என்றார் என் கணவர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பிழைத்த மீன்களை டாக்டரம்மா குளியலறையில், பக்கெட்டுகளில் வைத்திருந்தார். புதுத் தொட்டி வரும்வரை அவற்றுக்குத் தண்ணீர் மாற்றப் போகும்படி என் கணவர் என்னை அனுப்பினார். நானும் ஒரு நினைப்போடுதான் போனேன். ஒரு பெண்ணிடம், அதுவும் படித்தவரிடம், நேராகச் சொல்லிவிடலாம்.

பக்கெட்டில் உப்பைக் கரைத்துக்கொண்டே சொன்னேன். சிலிகான் எப்படி நின்றது, துண்டுகள் எப்படிப் பிரிந்திருந்தன, உயரம் ஏன் முக்கியம், எல்லாம். பதற்றப்படாமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. முடித்ததும் என் ஈரக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப மனசு எப்படிம்மா இருக்கு? மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கறியா?"

எனக்குப் புரியவில்லை. "என்ன மாத்திரை டாக்டரம்மா?"

"உன் வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாரு. கொழந்த போனது, நீ ஸ்கூல விட்டது எல்லாம். அதுலேர்ந்து நீ கொஞ்சம் இப்படித்தானாமே. உயரம், அழுத்தம்னு ஏதாவது சொல்லுவா, மறுத்துப் பேசாதீங்க, கேட்டுக்குங்கன்னாரு." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஜாயிண்ட் போனா போகுது, அதுக்காக இவகிட்ட யாரும் ஒரு வார்த்த கேட்டுடக் கூடாதுன்னு எவ்வளவு பதறுறாரு தெரியுமா? நல்ல மனுஷன்மா. நீ குடுத்து வெச்சவ."

பக்கெட்டுக்குள் ஒரு மஞ்சள் மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கையை விடுவித்துக்கொண்டு, காற்று மோட்டாரின் ஒயரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன்.

குழந்தை போனது உண்மை. வயிற்றிலேயே, ஏழாம் மாதம். அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததும் உண்மை. கரும்பலகை முன்னால் போய் நிற்க முடியவில்லை. நாற்பது முகங்கள், எல்லாம் யாரோ பெற்றவை. மாத்திரைகள் இருந்தன, அவர்தான் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். அவற்றை நிறுத்தியே பல வருஷமாகிறது. கடைக்கு என்னைக் கூட்டி வந்து சிலிகான் பிதுக்கும் கன்னைக் கையில் கொடுத்ததும் அவர்தான். என் கட்டைவிரலைத் தன் விரலால் பிடித்து, மூலையோரம் நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்கக் கற்றுக்கொடுத்தார். நிறுத்தினால் அங்கே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிடும், அங்கேதான் பிறகு கசியும் என்றார். சிலிகானின் அந்தப் புளித்த வாடைக்குள், அந்த வழவழப்புக்குள், நான் மெல்ல மெல்லத் திரும்பி வந்தேன். அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்தில் பாதிக்கு மேல் அந்த நாட்களில் வந்தது. அந்த நாட்களைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போய், டாக்டரம்மா வீட்டுக் கூடத்தில், தண்ணீரைத் துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கடைக்கு வந்தபோது பெரியவர் சாப்பிடப் போயிருந்தார். என் கணவர் புதுக் கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மாகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என்ன சொன்னேன்?"

"கொழந்த விஷயம்."

நிறுத்தினார். "அது பேச்சுவாக்குல வந்தது. உம்மேல அவங்களுக்குக் கோவம் வந்துடக் கூடாதேன்னு சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்."

"ஜாயிண்ட் விடல. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

அவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வந்துவிட்டது. அதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நிம்மதி வரவில்லை.

"தெரிஞ்சு எதுக்குச் சொன்னீங்க?"

"அண்ணன் கணக்கு தப்புன்னு வெளியில போய்ச் சொல்ல முடியுமா? நாளைக்கு எவன் வருவான் நம்ம கடைக்கு? கண்ணாடி தப்புன்னா கடையே தப்புன்னு ஆயிடும். ஜாயிண்ட்னா, ஏதோ ஒரு தடவ கை தவறிடுச்சு, அதோட போச்சு. நீ வீட்டுப் பொண்ணு. உனக்கு என்ன ஆயிடப் போகுது?"

"நான் ஒட்டல."

"என்னது?"

"புதுத் தொட்டிய நான் ஒட்டல. கை தவறுறவ எதுக்கு ஒட்டணும்? உங்கண்ணன ஒட்டச் சொல்லுங்க."

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பெரியவருக்கு விரல் நடுங்கும். அவர் இழுத்த மூலைகள் எல்லாம் குமிழிகள்தான். என் கணவருக்குப் பொறுமை கிடையாது. பன்னிரண்டு எம்எம் கண்ணாடியில், அந்த உயரத்துக்கு, என்னைத் தவிர ஒட்ட ஆளில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சரி, என்ன செய்யணுங்கற?"

"தொட்டி வைக்கிற அன்னைக்கு அவங்க முன்னாடி சொல்லணும். ஜாயிண்ட் விடல, கண்ணாடிதான் உடைஞ்சுது. இவ முதல்லயே சொன்னா, நாந்தான் கேக்கலன்னு. உங்கண்ணன் பேரே எடுக்க வேணாம். இந்த ரெண்டு வார்த்த போதும்."

கண்ணாடியின் விளிம்பைத் தடவினார். "சரி, சொல்றேன்" என்றார்.

ஒட்டினேன். விளிம்புகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து அடிவரை ஒரே இழுப்பு. என்னையறியாமல் ஒரு ஆசை நடுவில் வந்து போயிற்று: ஓரிடத்தில், ஒரு கணம், விரலை நிறுத்தினால் என்ன? நிறுத்த முடியவில்லை. நான் நினைத்ததை என் விரல் கேட்கவே இல்லை. தன் பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நன்றாக வருவதாக மிச்சமிருப்பது இது ஒன்றுதான், அதைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

தொட்டியை வைக்கப் போன அன்று பெரியவர் வரவில்லை. கூலிக்கு வந்த இரண்டு பேர் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்கள். என் கணவர் குழாயைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்க, தண்ணீர் மெதுவாக ஏறியது. நான் அடியில் உட்கார்ந்து நான்கு மூலைகளையும் உலர்ந்த துணியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். துணி நனையவில்லை. முன்பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். மறுபக்கம் என் தோள் உயரத் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தது. என் பக்கம் ஒன்றுமே நடக்காதது போல் குளுமையாக இருந்தது.

தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் குழாயை நிறுத்தினார். டாக்டரம்மா கைதட்டினார்.

"ஒரு சொட்டுக் கசியலயே! இந்தத் தடவ நீங்களே ஒட்டினீங்களாமே? உங்கண்ணன் போன்ல சொன்னாரு."

என் கணவரைப் பார்த்தேன். அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்தார், நுனியைக் கட்டினார். இல்லை என்று சொல்லவில்லை. வாக்குக் கொடுத்ததை மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்ள அவர் எனக்கு இடமே தரவில்லை. கட்டி முடித்ததும் என்னை ஒரு முறை பார்த்தார்.

நான் எழுந்தேன். "ஒட்டினது நான் டாக்டரம்மா. போன தடவையும் நான்தான். அப்பவும் ஜாயிண்ட் விடல. உடைஞ்சது கண்ணாடி. ஆறு எம்எம் பத்தாதுன்னு நான் முதல்லயே சொன்னேன். இவரக் கேளுங்க."

என் குரல் நான் வேண்டிய அளவுக்குமேல் ஏறிவிட்டது. வெறுமையான கூடத்தில் அது எனக்கே வேறு யாரோ கத்துவது போலக் கேட்டது. டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

என் கணவர் படியிலிருந்து இறங்கி வந்தார். என் தோளில் கை போட்டார்.

"ஆமா டாக்டரம்மா. ஜாயிண்ட் விடல. கண்ணாடிதான் உடைஞ்சுது. இவ முதல்லயே சொன்னா. நாந்தான் கேக்கல."

நான் கேட்ட வார்த்தைகள். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். வருஷங்களுக்கு முன்னால், மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டு, நான் என்ன சொன்னாலும் 'ஆமா, ஆமா, அப்படித்தான்' என்று சொன்ன குரல். சொல்லிவிட்டு என் தலைக்கு மேலாக டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கண்களை மூடித் திறந்தார், எனக்குப் புரிகிறது என்பது போல.

"கெட்டிக்காரிம்மா நீ" என்றார் என்னிடம், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, காது கேட்காதவளிடம் பேசுவது போல. "நீ சொன்னதுதான் சரி. போதுமா?"

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும், என் கணவர் சொல்லி வைத்ததற்கு அதுவே சாட்சியாகிவிடும். கத்தினால் நோய். அழுதால் நோய். உண்மையை இன்னொரு முறை சொன்னால், அதுவும்தான். தோளில் இருந்த கை கனமாகவே இல்லை. ஒரு பூனையைத் தடவுகிற அளவுக்குத்தான் அழுத்தியது. துணியை மடித்துப் பையில் வைத்தேன். ஸ்பிரிட் பாட்டிலின் மூடியை இறுக்கினேன். டாக்டரம்மா உள்ளே குரல் கொடுத்து எங்களுக்கு டீ போடச் சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம்.

திரும்பி வரும்போது வண்டியில் என் கணவர் உற்சாகமாக இருந்தார். டாக்டரம்மாவின் தங்கை வீட்டுக்கும் இதே போல ஒரு தொட்டி வேண்டுமாம், இதைவிட உயரமாக. சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டேன்ல? நீ சொன்ன மாதிரியே?"

"சொல்லிட்டீங்க" என்றேன்.